பெர்கின்ஸ் நிதியை நிர்வகிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டிலும் கம்யூனிட்டி காலேஜிலும் வேலை பார்க்கும் நம்மவர்களிடமிருந்தும், பள்ளியின் ஆலோசனைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடமிருந்தும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைத் தொகுத்து, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே போட்டிருக்கிறேன். இங்கே சொல்வது கூட்டாட்சிச் சட்டமும் அதன் விதிகளும். உங்கள் மாநிலம் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கலாம், அப்படி இருந்தால் மாநிலம் சொல்வதுதான் உங்களுக்குச் செல்லும். இதை ஒவ்வொரு பதிலிலும் திரும்பச் சொல்லப்போவதில்லை.

பெர்கின்ஸ் பெர்கின்ஸ் என்கிறார்களே, அது என்ன? யார் கொடுக்கிற பணம்?

சிடிஇ என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, தொழில் மற்றும் தொழில்நுட்பக் கல்வி, அதற்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தரும் முக்கியமான நிதி இது. வெல்டிங், நர்சிங் உதவியாளர் பயிற்சி, ஆட்டோ மெக்கானிக், சமையல்கலை, விவசாயம், சைபர் செக்யூரிட்டி எல்லாமே இதில் வரும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர்.

தொழிற்கல்விக்குக் கூட்டாட்சிப் பணம் வருவது 1917 இன் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தோடு தொடங்கியது. 1984 இல் கென்டக்கியைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் கார்ல் பெர்கின்ஸ் பெயரில் புதுச் சட்டம் வந்தது. அதைப் பலமுறை புதுப்பித்து, கடைசியாக 2018 ஜூலை 31 அன்று கையெழுத்தானதைத்தான் பெர்கின்ஸ் ஃபைவ் என்கிறோம். அதனால் பழைய கோப்புகளில் பெர்கின்ஸ் ஃபோர் என்று எழுதிய வழிகாட்டி கிடைத்தால், அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். நிறைய மாறியிருக்கிறது.

வாஷிங்டனிலிருந்து எங்கள் பள்ளிக்கு எப்படி வந்து சேர்கிறது?

நேராக வராது. முதலில் மாநிலத்துக்குப் போகும். மாநிலம் அதில் குறைந்தது 85 சதவீதத்தை டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்தாக வேண்டும். 10 சதவீதம் வரை மாநில அளவிலான தலைமைப் பணிகளுக்கு வைத்துக்கொள்ளலாம், 5 சதவீதம் (அல்லது 2,50,000 டாலர், எது அதிகமோ அது) மாநிலத்தின் நிர்வாகச் செலவுக்கு. அந்த நிர்வாகப் பணத்துக்கு ஈடாக மாநிலமும் தன் கையிலிருந்து டாலருக்கு டாலர் போட வேண்டும்.

அந்த 85 சதவீதத்தில் பள்ளிக்கு எவ்வளவு, கல்லூரிக்கு எவ்வளவு என்பதை மாநிலமே முடிவு செய்கிறது. பக்கத்து மாநிலத்தில் இருக்கும் நண்பரின் கல்லூரிக்கு இவ்வளவு வந்ததே, எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதோடு, 85 இல் 15 சதவீதம் வரை தனியாக எடுத்து வைத்து, கிராமப்புறங்களுக்கும் சிடிஇ மாணவர்கள் அதிகம் உள்ள இடங்களுக்கும் மாணவர் பிரிவுகளுக்கிடையே இடைவெளி உள்ள இடங்களுக்கும் கொடுக்க மாநிலத்துக்கு அனுமதி உண்டு.

எங்களுக்கு எவ்வளவு வரும் என்று யார் கணக்குப் போடுகிறார்கள்?

சூத்திரம் சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிகளுக்கு: 30 சதவீதம் டிஸ்ட்ரிக்ட்டில் வாழும் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து, 70 சதவீதம் அதே வயதில் வறுமையில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து. கல்லூரிகளுக்கு, சிடிஇ படிப்புகளில் சேர்ந்திருக்கும் மாணவர்களில் பெல் கிராண்ட் (வசதி குறைந்த கல்லூரி மாணவர்களுக்குக் கூட்டாட்சி தரும் உதவித்தொகை) வாங்குபவர்களையும், பழங்குடியினர் விவகாரத் துறையின் உதவி பெறுபவர்களையும் எண்ணுகிறார்கள். எத்தனை பேர் சிடிஇ வகுப்பில் சேர்ந்தார்கள் என்பது பள்ளிக் கணக்கில் வரவே வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்து டிஸ்ட்ரிக்ட்டுக்கு 15,000 டாலருக்குக் கீழே வந்தால், அல்லது கல்லூரிக்கு 50,000 டாலருக்குக் கீழே வந்தால், பொதுவாகத் தனியாக வாங்க முடியாது. பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டுகளோடு கூட்டமைப்பாகச் சேர வேண்டும். அப்படிச் சேரும்போது பணத்தை அவரவர் பங்கென்று பிரித்து எடுத்துக்கொள்ளக் கூடாது, எல்லா உறுப்பினர்களுக்கும் பயன்படும் திட்டத்துக்குச் செலவாக வேண்டும். சிறிய கூட்டமைப்புகளில் இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம் தகராறு வருகிறது.

சிஎல்என்ஏ என்று ஒரு பெரிய ரிப்போர்ட் கேட்கிறார்கள். அது வெறும் ஃபார்மாலிட்டிதானே?

இல்லை. எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது. உள்ளூர்த் தேவை மதிப்பீடு என்று சொல்லலாம். குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை: மாணவர்கள் எப்படிச் செய்கிறார்கள் (மொத்தமாகவும், பிரிவு பிரிவாகவும்), நீங்கள் நடத்தும் படிப்புகளின் அளவும் பரப்பும் தரமும் போதுமா, உள்ளூர் வேலைச் சந்தைக்கும் அந்தப் படிப்புகளுக்கும் பொருத்தம் இருக்கிறதா, பாடத்திட்டத் தொடர்களை (பள்ளியிலிருந்து கல்லூரிவரை போகும் பாட வரிசைகளை) நடைமுறைப்படுத்துவதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், ஆசிரியர்களைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் பயிற்சி கொடுப்பதும் எப்படி, எல்லாப் பிள்ளைகளுக்கும் சம வாய்ப்பு கிடைக்கிறதா.

நடைமுறையில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். விற்பனையாளர் வந்து ஒரு சிமுலேட்டரைக் காட்டுவார், பிடித்துப்போகும், விலை கேட்பார்கள், அப்புறம் அதை நியாயப்படுத்த மதிப்பீட்டில் ஒரு வரி சேர்ப்பார்கள். படித்துப் பார்ப்பவருக்கு அது உடனே தெரியும். அதைவிட மோசம், உண்மையில் தேவைப்பட்டது வேறு ஏதோவாக இருந்திருக்கும். ஹெல்த் சயன்ஸில் ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் முதல் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்று தரவு சொல்லும்போது, சிமுலேட்டர் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. மொழி ஆதரவு தரும் ஆசிரியருக்கும் சிடிஇ ஆசிரியருக்கும் சேர்ந்து திட்டமிட நேரம் வாங்கிக் கொடுத்தால் செய்யும்.

பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, மதிப்பீட்டின் எந்தப் பக்கத்தில் இந்தத் தேவை சொல்லப்பட்டிருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குறிக்க முடியவில்லை என்றால் அந்த வரி அங்கே இருக்கக் கூடாது.

அதற்குக் கூட்டம் போடணும் என்கிறார்கள். யாரையெல்லாம் கூப்பிடுவது?

சட்டம் ஒரு பட்டியலே தருகிறது: ஆசிரியர்கள், கவுன்சிலர்கள், முதல்வர்கள், கல்லூரித் தரப்பினர், உள்ளூர் வேலைவாய்ப்பு வாரியம், தொழில் நிறுவனங்கள், பெற்றோர், மாணவர்கள், சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவர் பிரிவுகளின் பிரதிநிதிகள், பள்ளியை விட்டு நின்றவர்களுக்கும் வீடற்ற இளைஞர்களுக்கும் உதவும் அமைப்புகள், பழங்குடியினர் இருக்கும் பகுதியானால் அவர்களின் பிரதிநிதிகள். மாநிலம் இன்னும் சிலரைச் சேர்க்கச் சொல்லலாம்.

ஒரே நாளில் எல்லாரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போனில் பேசலாம், சர்வே அனுப்பலாம். ஆனால் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அதனால் என்ன மாறியது என்ற குறிப்பு கட்டாயம் இருக்கட்டும். கையெழுத்துத் தாளில் இருபது பெயர் இருந்து, அவர்கள் சொன்னது ஒன்றுகூட எழுதப்படவில்லை என்றால் அந்தத் தாளுக்கு மதிப்பு கிடையாது. பெற்றோராக அழைக்கப்பட்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: தயங்காமல் பேசுங்கள். நம் ஆட்கள் கூட்டத்தில் அமைதியாக இருந்துவிட்டு வெளியே பார்க்கிங்கில் வந்துதான் குறை சொல்கிறோம்.

எந்த வகுப்பு மாணவர்களுக்கு இதைச் செலவு செய்யலாம்? ஆரம்பப் பள்ளிக்குக் கொடுக்கலாமா?

நடுநிலை வகுப்புகளிலிருந்துதான். அதாவது 5 ஆம் வகுப்புக்குக் கீழே இந்தப் பணம் போகக் கூடாது. 5 முதல் 8 வரை, தொழில்களை அறிமுகப்படுத்தும் வேலைகளுக்குப் பயன்படுத்தலாம், பெர்கின்ஸ் ஃபைவ் அதை வரவேற்கிறது.

அதற்கு மேலுள்ள வகுப்புகளில், மாநிலம் ஒப்புதல் கொடுத்த பாடத்திட்டத் தொடர் ஒன்றாவது நீங்கள் நடத்த வேண்டும். பள்ளியில் தொடங்கிக் கல்லூரிவரை போய், அங்கீகாரம் பெற்ற சான்றிதழில் முடியும் வரிசை அது. தொடர்ச்சியே இல்லாத தனி வகுப்பு ஒன்றுக்காக மெஷின் வாங்குவது பொதுவாக நிற்காது.

எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்று ஒரு பட்டியல் கொடுங்களேன்.

முழுப் பட்டியல் யாராலும் கொடுக்க முடியாது. ஒவ்வொரு செலவுக்கும் சில கேள்விகள்தான் உண்டு. திட்டத்துக்கு இது அவசியமா? விலை நியாயமா? இந்தக் கிராண்ட்டுக்கு எவ்வளவு பயனோ அவ்வளவுதான் இதன் கணக்கில் எழுதியிருக்கிறோமா? மதிப்பீட்டில் சொன்ன தேவையோடு சேருகிறதா? இவை 2 சிஎஃப்ஆர் 200 என்ற கூட்டாட்சி விதித்தொகுப்பிலிருந்து வருபவை, கிராண்ட் வேலை செய்பவர்கள் அதை யூனிஃபார்ம் கைடன்ஸ் என்பார்கள்.

பொதுவாகச் செல்லும்: தொழில்துறையில் இப்போது பயன்படும் கருவிகள், பாடத்திட்டம் உருவாக்குதல், ஆசிரியர் பயிற்சி, தொழில் வழிகாட்டல், சான்றிதழ் தேர்வுகளுக்கான ஆதரவு, திட்டத்தை மதிப்பிடும் செலவு. செல்லாது: மது, கேளிக்கை, நிதி திரட்டும் நிகழ்ச்சி, அரசியல் லாபி வேலை, கட்டடம் கட்டுவது. சாப்பாடு விஷயத்தில் எப்போதும் இழுபறிதான். கூட்டத்துக்கு பீட்சா வாங்கிவிட்டு ரசீதை அனுப்பாதீர்கள், முன்கூட்டியே மாநில அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஷூ, யூனிஃபார்ம், டூல் கிட் வாங்கித் தரலாமா?

வகுப்பில் வைத்துப் பயன்படுத்தி, வகுப்பிலேயே விட்டுப்போகும் பாதுகாப்புக் கண்ணாடி, ஏப்ரன் போன்றவற்றில் பெரிய சிக்கல் இல்லை. மாணவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொந்தமாக்கிக்கொள்ளும் பொருள்தான் பிரச்சினை. அது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை.

ஆனால் இதில் ஒரு முக்கியமான வழி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. சிறப்புப் பிரிவு மாணவர்கள் சிடிஇயில் பங்கேற்கக் கைக்காசு செலவழிக்க வேண்டியிருந்தால், அதைக் குறைக்கவோ நீக்கவோ இந்தப் பணத்தைச் செலவிடலாம் என்று பெர்கின்ஸ் ஃபைவ் சொல்கிறது. கட்டணம், போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, மாற்றுத்திறனாளிகளின் நடமாட்டச் சிரமங்கள் எல்லாம் அதில் வருகின்றன. பஸ் இல்லாததால் கிளினிக்கல் பயிற்சிக்குப் போக முடியாமல் ஒரு பெண் படிப்பையே விடுகிறாள் என்றால், அவளுக்கு இந்த வரிதான் துணை. தயவுசெய்து பட்ஜெட்டில் இதற்கு இடம் வையுங்கள்.

சிறப்புப் பிரிவு என்றால் யார்? ஸ்பெஷல் எஜுகேஷன் மாணவர்கள் மட்டுமா?

இல்லை, ஒன்பது பிரிவுகள் உண்டு. மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக் குடும்பத்தினர், தங்கள் பாலினத்தவர் அதிகம் போகாத துறையில் படிப்பவர்கள், தனிப் பெற்றோர் (துணையில்லாத கர்ப்பிணிகளும் இதில் அடக்கம்), வேலையிலிருந்து விலகியிருந்தவர்கள், ஆங்கிலம் கற்பவர்கள், வீடற்றவர்கள், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர்கள் அல்லது இருந்து வெளிவந்தவர்கள், பெற்றோர் ராணுவத்தில் பணியில் இருக்கும் இளையோர்.

மூன்றாவதுக்கு ஓர் அளவு உண்டு: அந்தத் தொழிலில் ஒரு பாலினத்தவர் 25 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், அந்தப் பாலினத்தவருக்கு அது வழக்கத்துக்கு மாறான துறை. வெல்டிங் படிக்கும் பெண், நர்சிங் படிக்கும் பையன், இருவருமே இதில் வருவார்கள்.

ஸ்கில்ஸ்யுஎஸ்ஏ, எஃப்எஃப்ஏ போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

போகலாம். இவற்றைப் போன்ற சிடிஇ மாணவர் அமைப்புகளுக்கு ஆதரவு தருவதும், பாடத்திட்டத்தோடு பொருந்தும் திறன் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார்செய்து பங்கேற்க வைப்பதும் சட்டத்தில் அனுமதிக்கப்பட்ட செலவு. போட்டி உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதோடு சேர வேண்டும், அவ்வளவுதான். டி-ஷர்ட், பரிசு, விருந்து, சுற்றிப்பார்க்கும் செலவு இதில் சேராது. உறுப்பினர் கட்டணம், உணவு, தங்குமிடம் இவற்றில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் அதிகம், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட் இறுக்கமாக இருக்கிறது. ஏற்கனவே இருக்கிற சிடிஇ ஆசிரியரின் சம்பளத்தை பெர்கின்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாமா?

இது எல்லா ஊரிலும் வரும் கேள்வி, பெரும்பாலும் பதில் கூடாது என்பதுதான். பெர்கின்ஸ் பணம் உள்ளூர், மாநிலப் பணத்தின்மேல் கூடுதலாக வர வேண்டும், அந்தப் பணத்தின் இடத்தைப் பிடித்து அதை இடம்பெயர்க்கக் கூடாது. சட்டத்தின் 211 ஆவது பிரிவு இது.

ஆடிட்டர் இரண்டு விஷயங்களைப் பார்த்தாலே இடம்பெயர்த்துவிட்டீர்கள் என்று கருதத் தொடங்கிவிடுவார். ஒன்று, வேறு சட்டத்தின்படி நீங்கள் எப்படியும் செய்தாக வேண்டிய வேலைக்கு இந்தப் பணத்தைப் பயன்படுத்தியது. உதாரணமாக, மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தனிக் கல்வித் திட்டப்படி தந்தே ஆக வேண்டிய உதவியாளர். இரண்டு, போன ஆண்டு உள்ளூர்ப் பணத்தில் நடந்ததை இந்த ஆண்டு பெர்கின்ஸில் போட்டது. உங்கள் கேள்வி நேராக இந்த இரண்டாவதில் விழுகிறது.

இந்தக் கருத்தை மறுத்து நிரூபிக்க வழி உண்டு. கூட்டாட்சிப் பணம் இல்லாவிட்டால் அந்தப் பதவியே போயிருக்கும் என்பதைக் காட்ட வேண்டும்: வருவாய் குறைந்த கணக்கு, பதவியை நீக்க போர்டு எடுத்த முடிவின் குறிப்பு, தேதியோடு. இவை மாற்றத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆடிட்டர் வந்த பிறகு எழுதும் விளக்கக் கடிதத்தால் ஒன்றும் ஆகாது. இந்த வழியில் போக நினைத்தால் முதலில் மாநில அலுவலகத்தோடு பேசிவிடுங்கள்.

புதிதாகத் தொடங்கும் படிப்புக்கு முதல் ஓரிரு ஆண்டு ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதியை இதில் போடுவதைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. அப்போதும் பிறகு டிஸ்ட்ரிக்ட் எப்படி ஏற்றுக்கொள்ளும் என்று எழுதித்தர வேண்டியிருக்கும்.

எனக்கு பாதிச் சம்பளம் பெர்கின்ஸிலிருந்து. டைம் ஷீட் நிரப்பணுமா?

உங்கள் சம்பளத்தில் கூட்டாட்சிப் பணத்தில் போகும் பங்கு, நீங்கள் உண்மையில் செய்த வேலையோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் பதிவு வேண்டும். விதி ஒரே படிவத்தை வற்புறுத்தவில்லை. டிஸ்ட்ரிக்ட் எந்த முறையை எழுத்தில் வைத்திருக்கிறதோ அதைத் தவறாமல் பின்பற்றினால் போதும். பட்ஜெட்டில் 50 சதவீதம் என்று போட்டதை அப்படியே பதிவிலும் 50 என்று எழுதிக்கொண்டே போவது செல்லாது, பட்ஜெட் என்பது மதிப்பீடு மட்டுமே. தேர்வு நடக்கும் மாதத்தில் நீங்கள் முழுநேரமும் தேர்வு மேற்பார்வையில் இருந்தால் அந்த மாதக் கணக்கு அதைக் காட்ட வேண்டும், அப்புறம் தொகையைச் சரிசெய்ய வேண்டும்.

கோஆர்டினேட்டர் சம்பளம், அலுவலகச் செலவு எல்லாம் எவ்வளவு போடலாம்?

உள்ளூர் நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 5 சதவீதம். மறைமுகச் செலவு (மின்சாரம், கணக்கு வேலை போன்ற பொதுச் செலவில் ஒரு பங்கு) எடுத்தால் அதுவும் இந்த 5க்குள்தான் அடங்க வேண்டும். மேலே இடம்பெயர்ப்பு பற்றிச் சொன்ன கட்டுப்பாடு இந்த நிதிக்கு இருப்பதால், மறைமுகச் செலவுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட விகிதம்தான் (இப்படிப்பட்ட நிதிகளுக்கென்று தனியாகக் கணக்கிடும் விகிதம்) செல்லும். யூனிஃபார்ம் கைடன்ஸில் புதிதாக வந்த 15 சதவீத விகிதத்தைப் பார்த்து அதை இங்கே போட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஒருவர் செய்யும் வேலை எல்லாமே நிர்வாகம் ஆகிவிடாது. ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டத்தில் உதவுவதும் தொழில் நிறுவனங்களோடு பயிற்சி இடங்களை ஏற்பாடு செய்வதும் திட்டப் பணி. பணிவிவரத்தில் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள், நேரப் பதிவும் அதோடு சேரட்டும்.

மெஷின் வாங்கினோம். அதற்கு என்னென்ன பதிவு வைக்கணும்?

2024 அக்டோபர் 1 முதல் கூட்டாட்சி விதியில் எக்விப்மெண்ட் என்பதன் எல்லை 5,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்ந்தது. ஆனால் உங்கள் டிஸ்ட்ரிக்ட் இன்னும் 5,000 அல்லது அதற்கும் கீழே வைத்திருந்தால் அந்தக் குறைந்த எல்லைதான் பொருந்தும். விவரம், வரிசை எண், எந்த நிதி, வாங்கிய தேதி, விலை, அதில் கூட்டாட்சிப் பங்கு, எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, கடைசியில் என்ன ஆனது, இவ்வளவும் பதிவில் வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

லேப்டாப், டேப்லெட், கேமரா இவை எல்லைக்குக் கீழேதான் வரும், இருந்தாலும் ஒட்டுச்சீட்டு போட்டுப் பட்டியலில் சேருங்கள். காணாமல் போவது பெரும்பாலும் இவைதான், மாநிலத்திலிருந்து பார்வையிட வருபவர்களும் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

பெர்கின்ஸ் பணத்தில் போட்ட லேப்பை ஆங்கில வகுப்புக்கும் கொடுங்கள் என்கிறார் முதல்வர். கொடுக்கலாமா?

சிடிஇ வகுப்புக்கு இடைஞ்சல் இல்லாமல், காலியாக இருக்கும் நேரத்தில் என்றால் இடம் உண்டு. முன்னுரிமை எப்போதும் சிடிஇக்குத்தான். சிடிஇ மாணவர்கள் வெளியே காத்திருக்க வேறு வகுப்பு உள்ளே நடந்தால் அது தவறான பயன்பாடு. ஒரு நேர அட்டவணையை அறையின் கதவில் ஒட்டி, நகலைக் கோப்பிலும் வையுங்கள். படிப்பே மூடப்பட்டுவிட்டால் கருவியை வேறு சிடிஇ படிப்புக்கு மாற்றுவது முதல் வழி. விற்பதோ கழிப்பதோ என்றால், இன்றைய சந்தை மதிப்பு 10,000 டாலருக்குள் இருக்கும்போது கூட்டாட்சிக்குத் திருப்பித்தர வேண்டியதில்லை. அதற்கு மேலே போனால் முதலில் கேட்க வேண்டும்.

தெரிந்த கடைக்காரர் நல்ல விலை தருகிறார். நேராக வாங்கிவிடலாமா?

சிறு தொகைக்கு மேற்கோள் இல்லாமல் வாங்க ஒரு வரம்பு இருக்கிறது, அதற்கு மேலே பல இடத்தில் விலை கேட்க வேண்டும், இன்னும் மேலே போனால் முறையான டெண்டர். கூட்டாட்சி, மாநிலம், டிஸ்ட்ரிக்ட் மூன்றின் வரம்பிலும் எது கடுமையோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரம்புக்குள் அடக்க ஒரே வாங்கலை மூன்று பர்ச்சேஸ் ஆர்டராக உடைப்பது விதிமீறல். கடைக்காரர் உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ உறவு, அல்லது பண சம்பந்தம் உண்டு என்றால் தேர்வில் நீங்கள் கலந்துகொள்ளவே கூடாது, எழுதிக்கொடுத்துவிட்டு விலகிவிடுங்கள்.

ஜூன் மாதம் வந்துவிட்டது, பணம் மிச்சம் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போகலாம்தானே? 27 மாதம் என்று எங்கேயோ படித்தேன்.

நீங்கள் படித்தது டைடிங்ஸ் திருத்தம், மிச்சப் பணத்தைச் செலவழிக்கக் கூடுதல் காலம் தரும் சட்ட விதி. பெர்கின்ஸில் அது மாநிலத்துக்குப் பொருந்தும். உள்ளூருக்குத் தனி விதி இருக்கிறது: அந்தக் கல்வியாண்டில் செலவழிக்காததை மாநிலத்திடம் திருப்பித்தர வேண்டும், மாநிலம் அதை மறுபடி பங்கிடும். டைட்டில் ஒன் (வசதி குறைந்த பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான கூட்டாட்சி நிதி) போன்ற மற்ற நிதிகளில் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது, செலவை ஒப்புக்கொண்ட தேதி எது என்பது. இதை விதி பொருளுக்குப் பொருள் வேறாக வைத்திருக்கிறது. பொருள் வாங்கினால் பர்ச்சேஸ் ஆர்டர் போன்ற கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தம் ஆன தேதி. ஊழியரின் வேலை என்றால் அவர் வேலை செய்த தேதி. பயணம் என்றால் போன தேதி. ஆகவே ஜூலையில் நடக்கும் மாநாட்டுக்கு ஜூனில் டிக்கெட் போட்டுவிட்டு முந்தைய ஆண்டின் கணக்கில் எழுதினால் சிக்கிக்கொள்வீர்கள். ஆர்டர் ஜூனில் போட்டாலும் பொருள் எப்போது வந்து சேர வேண்டும், எப்போதைக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று மாநிலம் தேதி வைத்திருக்கும், கிராண்ட் கடிதத்தில் பாருங்கள்.

கடைசி மாதத்தில் அள்ளிப்போட்டு வாங்குவதைத் தடுக்க ஒரே வழி ஜனவரியிலேயே உட்கார்ந்து மிச்சத்தைப் பார்ப்பது. நடக்காது என்று தெரிந்த வரிகளை அப்போதே திருத்தி, மதிப்பீட்டில் ஏற்கனவே இரண்டாம் இடத்தில் இருக்கும் தேவைக்கு மாற்ற பட்ஜெட் திருத்தம் போடுங்கள்.

கிராண்ட் கடிதம் இன்னும் வரவில்லை, பள்ளி ஆகஸ்டில் திறக்கிறது. இப்போதே வாங்கலாமா?

சூத்திரப்படி வரும் நிதிக்கு, மாநிலம் செலவு தொடங்கலாம் என்ற தேதி, நீங்கள் விண்ணப்பத்தை ஏறக்குறைய ஒப்புதலுக்குத் தகுந்த வடிவில் கொடுத்த தேதி, இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து செலவை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கடைசியில் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கிடைத்தால்தான் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். அதாவது அபாயம் உங்கள் டிஸ்ட்ரிக்ட்டுடையது. அரைகுறையாக விண்ணப்பம் அனுப்பிவிட்டுத் திருத்தலாம் என்று இருப்பவர்களுக்கு அந்தத் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அதோடு, பல மாநிலங்களில் பணம் முன்கூட்டி வராது, நீங்கள் செலவழித்துவிட்டுக் கேட்டு வாங்க வேண்டும், கையிருப்பு இருக்கிறதா என்று நிதி அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

கான்சென்ட்ரேட்டர் என்று யாரை எண்ணணும்? எங்கள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எகிறிக் குதிக்கிறது.

பள்ளியில்: ஒரே சிடிஇ படிப்பில் அல்லது பாடத்திட்டத் தொடரில் குறைந்தது இரண்டு கோர்ஸ் முடித்தவர். கல்லூரியில்: ஒரு படிப்பில் 12 கிரெடிட் பெற்றவர், அல்லது படிப்பே 12 கிரெடிட்டுக்குக் குறைவு என்றால் அதை முடித்தவர். வெவ்வேறு படிப்பில் ஒவ்வொரு கோர்ஸ் எடுத்தவர் கான்சென்ட்ரேட்டர் ஆகமாட்டார்.

எண்ணிக்கை குதித்தால் மாணவர்களைக் காரணம் சொல்வதற்கு முன் கோர்ஸ் கோடுகளை, அதாவது ஒவ்வொரு கோர்ஸுக்கும் உள்ள அடையாள எண்களைப் பாருங்கள். கோர்ஸின் பெயரை மாற்றியபோது கோடு வேறு படிப்பின்கீழ் போயிருக்கும், அல்லது பழைய கோடு மாநிலப் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும்.

இலக்கை எட்டவில்லை. பணத்தை நிறுத்திவிடுவார்களா?

உடனே இல்லை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் (மாணவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும் அளவுகோல்) உங்களோடு ஒத்துக்கொண்ட அளவில் குறைந்தது 90 சதவீதத்தை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்தக் குறியீட்டுக்கு முன்னேற்றத் திட்டம் எழுத வேண்டும், எந்தப் பிரிவு மாணவர்கள் பின்தங்கினார்கள் என்று பிரித்துக் காட்ட வேண்டும். திட்டத்தைச் செயல்படுத்தாமல் விட்டாலோ, அதற்குப் பிறகும் தொடர்ந்து எட்டாமல் போனாலோதான் மாநிலம் பணத்தை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்திவைக்கலாம். ஆசிரியர் பணியிடம் காலியாகிப் படிப்பே தடுமாறினால் அதைத் தேதியோடு எழுதுங்கள், மாநில அலுவலர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள்.

தனியார் பள்ளி ஒன்று எங்களிடம் பங்கு கேட்கிறது. கொடுக்கணுமா?

பணமாகக் கொடுக்கக் கூடாது. லாப நோக்கில்லாத தனியார் பள்ளிகள் எழுதிக் கேட்டால் அவர்களோடு உரிய நேரத்தில் கலந்தாலோசிக்க வேண்டும், நீங்கள் நடத்தும் ஆசிரியர் பயிற்சியில் அவர்களின் சிடிஇ ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சுவார்த்தை நடந்த குறிப்பைக் கோப்பில் வையுங்கள்.

2025 இல் எல்லாம் தொழிலாளர் துறைக்குப் போய்விட்டதாமே? எங்களுக்கு என்ன மாறும்?

2025 இல் கல்வித் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஆகி, பெர்கின்ஸின் அன்றாட நிர்வாக வேலை தொழிலாளர் துறைப் பக்கம் நகர்ந்தது. மாநிலங்கள் கூட்டாட்சிப் பணத்தை எடுக்கும் வழியில் மாற்றம் வந்தது. சட்டம் மாறவில்லை. மதிப்பீடு, 5 சதவீத வரம்பு, இடம்பெயர்ப்புத் தடை எல்லாம் அப்படியே இருக்கின்றன, நீங்கள் பேச வேண்டிய இடமும் மாநில அலுவலகம்தான்.

ஆடிட் என்றால் பயமாக இருக்கிறது. என்ன கேட்பார்கள்?

ஓர் ஆண்டில் எல்லாக் கூட்டாட்சி நிதிகளையும் சேர்த்து 10,00,000 டாலர் அல்லது அதற்கு மேல் செலவழித்தால் சிங்கிள் ஆடிட் வரும் (2024 அக்டோபருக்கு முன் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு இது 7,50,000). அதற்குக் கீழே இருந்தாலும் மாநிலக் கண்காணிப்பு உண்டு. பெரும்பாலும் ஒரு செலவை எடுத்து அதன் பாதையைப் பின்தொடர்வார்கள்: மதிப்பீட்டில் தேவை, ஒப்புதலான பட்ஜெட்டில் வரி, விலைமேற்கோள், பர்ச்சேஸ் ஆர்டர், வந்துசேர்ந்த சீட்டு, இன்வாய்ஸ், பணம் கொடுத்த பதிவு, கடைசியில் வகுப்பறையில் பொருள். நடுவில் ஒன்று அறுந்தால் அங்கே நிற்பார்கள். பதிவுகளைக் கடைசி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு வைக்க வேண்டும், ஆடிட்டோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை. கருவியின் பதிவுக்கு அந்த மூன்று ஆண்டு, அதைக் கழித்த பிறகுதான் தொடங்கும்.

நான் வேறு வேலைக்குப் போகிறேன். அடுத்து வருபவருக்கு எதை விட்டுப் போகணும்?

நடப்பு மதிப்பீடு, ஒப்புதலான பட்ஜெட்டும் அதன் திருத்தங்களும், மாநில அலுவலகம் மின்னஞ்சலில் சொன்ன அனுமதிகள் (போனில் சொன்னதை நீங்களே எழுதி அனுப்பி உறுதி வாங்கியவை உட்பட), கருவிப் பட்டியல், நேரப் பதிவுகள், கூட்டக் குறிப்புகள், இந்த ஆண்டின் கெடு தேதிகள். மாநில இணையதளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் அனுமதியையும் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், அதற்கு சூப்பரின்டெண்டன்ட் ஒப்புதல் வேண்டியிருக்கும், அது வர நாளாகும், அதற்குள் செலவைத் திரும்பக் கேட்கும் கெடு தாண்டிவிடலாம்.